மூக்கம்மா அக்காவின் அட்டை

சேரம்பாடி
ஞாயிறு

அன்பு மகள் சசிரேகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும். போனில் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்று சொல்லிவிட்டேன். சளி இல்லை, வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

கடைசி லைன் வீட்டு மூக்கம்மா அக்காவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்துவிட்டது, தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சிலோனிலிருந்து திரும்பியவர்களுக்கான மனை கேட்டு மனு போட்டிருக்கிறார், புதன்கிழமை விசாரணை, அங்கிருந்து கிளம்பும்போது கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை போன மழையில் நனைந்து கூழாகிவிட்டது, நான் முன்பே ஸ்கேன் செய்து நம் கம்ப்யூட்டரில் வைத்ததுதான் மிச்சம். அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது அம்மா. மனை விண்ணப்பப் படிவம் என்று வந்த மெயிலைத் திறந்தது நான்தான், வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை. எல்லா ஃபைலுக்கும் பெயர் மாறி, பணம் கட்டினால்தான் திறப்போம் என்று இங்கிலீஷில் மிரட்டல். கூடலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அலனைக் கூப்பிட்டேன், பணம் மட்டும் கட்டிராதீங்க அங்கிள், முதல்ல நெட்டைப் பிடுங்குங்க என்றான். இலவச ஆன்டிவைரஸைப் புது பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து, அதை வைத்தே கம்ப்யூட்டரை ஆன் செய்து ஸ்கேன் பண்ணச் சொன்னான். நாற்பத்தோரு வைரஸைப் பிடித்தது, அழித்தேன், மறுபடி ஆன் செய்தால் அதே மிரட்டல். வேறொரு இலவச டூல் போட்டேன், அதற்கும் அடங்கவில்லை. மூன்று நாள் மல்லுக்கட்டி, நாலாவது ஸ்கேனில்தான் ஒன்றும் இல்லை என்று பச்சை டிக் வந்தது. சந்தோஷத்தில் குடைகூட எடுக்காமல் ஓடிப்போய், சரியாகிவிட்டது அக்கா, புதன்கிழமை பிரிண்ட் கையில் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவசரக்குடுக்கை நான். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபைல் திறக்கவில்லை. வைரஸ் போயிருச்சு அங்கிள், ஆனா அது போட்ட பூட்டு போகாது, இந்த வகைக்கு இன்னும் சாவி வரல என்றான் அலன்.

இன்னொரு காப்பி தனியாக வையுங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய், வைத்தேன். ஆனால் இந்த மழையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கம்ப்யூட்டரை அணைக்காமலே வைத்திருந்தேன், அலமாரிக்குள் பல்பு எரியவிடுவது மாதிரி. காப்பி இருந்த பென் டிரைவும் சூட்டில் கிடக்கட்டும் என்று அதிலேயே சொருகியிருந்தேன். அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

இன்று காலை போய்ச் சொன்னேன். அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அட்டையில் ஒட்டியிருந்த போட்டோவைத் தவிர, இறந்துபோன அவர் வீட்டுக்காரர் முனியசாமிக்கு வேறு படமே கிடையாதாம், எனக்கு இன்றுதான் தெரியும். தம்பி, அதுக்குள்ள அவரு இருக்காரா என்று கேட்டார். இருக்கார் அக்கா என்றேன். அப்ப அழிச்சிராதீங்க என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் அழவில்லை.

புதன்கிழமை நானும் கூடப் போய், தப்பு என்னுடையது என்று ஆபீசரிடம் சொல்லப்போகிறேன், கேட்பாரோ மாட்டாரோ. நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க எங்கள் ஆசிகள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, மாதம் ஒருமுறையாவது அந்தப் பூட்டுக்குச் சாவி வந்துவிட்டதா என்று நெட்டில் தேடிப் பார். அக்காவுக்கு இப்போதே ஒரு கண்ணில் பார்வை இல்லை.

உன் அப்பா,
கணேசன்