தாம்பாளத்தில் மூன்றாவது வேட்டி

என் சவரியம்மா மதினிக்கு,

உன் செசிலி எழுதுகிறேன். கல்லறையில் வந்து வாய்விட்டுச் சொல்லலாம் என்றால், பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அண்ணன் நன்றாக இருக்கிறார். மீன்குழம்பில் மட்டும் இன்னும் புளியை அள்ளிக் கொட்டுகிறார்.

சேதி என்னவென்றால், நான் கொத்தனார் ஆகிவிட்டேன். சிரிக்காதே!

நாம் சித்தாளாகச் செங்கலும் கலவையும் சுமந்த காலத்தில், சனிக்கிழமை கூலி வாங்கும்போதெல்லாம் நீ வேலு மேஸ்திரியை விடமாட்டாய்.

"ஏங்க மேஸ்திரி, தலையில சொமக்குறவளுக்குப் பாதிக்கூலி, கையில பூசுறவருக்கு முழுக்கூலியா? தலை என்ன கையவிட எளப்பமா?"

"தொழில் கத்துக்க வருசக்கணக்கா ஆகுதுல்ல ஆத்தா. செவரு கோணுனா வீட்டுக்காரன் என்னையத்தான ஏசுவான்?"

"கலவையில சிமெண்டு கொறஞ்சா யார ஏசுவீங்க? எங்களத்தான?"

நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருப்பேன். "வாயில்லாப் பூச்சி" என்று என் மண்டையில் குட்டுவாய்.

மேஸ்திரி சொன்னதிலும் ஞாயம் இல்லாமலில்லை. உயரத்தில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிறவருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், உயிர்ப்பயம் உண்டல்லவா. நம் கொத்தனார் சவுதிக்குப் போனால் அதே கை, அதே கரண்டி, கூலி மட்டும் எங்கேயோ ஏறிப்போய்விடுகிறது. அங்கே ஆள் கிடைப்பதில்லை. எல்லாம் சரி. தொழில் தெரியாது என்று கூலியைக் குறைத்தவர்கள், பழகுவதற்குக் கரண்டியை ஏன் நம் கையில் கொடுக்கவே இல்லை?

அதனால்தானே மத்தியானம் ஆம்பளைகள் சாப்பிட்டுக் கண்ணயரும்போது, பின்சுவரில் நீயும் நானும் செங்கல் வைத்துப் பழகினோம். கோணினால் அவர்கள் எழுவதற்குள் பிரித்துவிடுவோம். நேராக நின்றால் அப்படியே விட்டுவிடுவோம். எத்தனை வீட்டில் நம் சுவர் நிற்கிறதோ! "ஒரு நாளாச்சும் கொத்தனார் கூலி வாங்கிட்டுத்தான்டி சாவேன்" என்றாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அப்படி என்ன அவசரம் மதினி உனக்கு?

இப்போது அறந்தாங்கிப் பக்கத்துக் கொத்தனார்கள் பலபேர் வெளிநாடு போய்விட்டார்கள். ஆளில்லாமல் தவித்த மேஸ்திரி, "செசிலி, நீ கட்டுவியாமே?" என்று கரண்டியை நீட்டினார். கட்டினேன். ஆனாலும் சித்தாள் கூலிதான் கொடுத்தார். நிலைக்கதவு வைக்கிற அன்று தாம்பாளத்தில் வேட்டி துண்டு வாங்குகிறவர்தானே நம் ஆட்களுக்குள் கொத்தனார்? அதை வாங்கினால்தான் கூலி ஏறும்.

போன வாரம் அரிமளத்தில் நிலை வைத்தோம். வீட்டுக்கார அம்மா எத்தனை கொத்தனார் என்று மேஸ்திரியிடம் கேட்டு, மூன்று பேருக்கும் வேட்டி துண்டு வாங்கி வைத்திருந்தார். இரண்டு பேருக்குக் கொடுத்தார். என்னிடம் வந்தவர், "ஒனக்குப் பொங்கல் இருக்கு, சாப்புடு ஆத்தா" என்று சொல்லிவிட்டு, மூன்றாவதை மணல் லாரி டிரைவரிடம் நீட்டினார். அந்த மனுசனும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்!

நீ இருந்திருந்தால் நீ பேசியிருப்பாய். நீ இல்லை. நான்தான் பேசியாக வேண்டும்.

"அம்மா, அது என்னோடதுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமாங்க. மூணாவது கொத்தனாரு அதுதான்" என்றார். டிரைவர் சிரித்துக்கொண்டே, "இந்தாங்க கொத்தனாரம்மா" என்று என் கையில் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை முழுக்கூலி வாங்கினேன் மதினி. வீட்டுக்கு வந்து உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

வேட்டியை அண்ணனுக்குக் கொடுத்தேன். துண்டை, இப்போது எனக்குக் கலவை சுமக்கும் வல்லத்திராக்கோட்டைப் பஞ்சவர்ணத்திடம் சும்மாட்டுக்குக் கொடுத்தேன். தலையில் சுற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "மெத்துன்னுதான் இருக்கு. இதனால கூலி கூடுமாக்கும்?" என்றாள். பாவி, அப்படியே உன் வாய்! "தொழில் கத்துக்கணும்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். மேஸ்திரி பேச்சு என் வாயில் வருகிறதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இனி மத்தியானம் கரண்டி அவள் கையில்தான். யாரும் தூங்கும்வரை அவள் காத்திருக்க வேண்டாம். சுமக்கிறவர்கள் கூலியைப் பற்றியும் வருகிற சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் நான் கேட்பேன். கேட்ட பிறகுதான் என் கூலிக்குக் கை நீட்டுவேன். உன்மேல் சத்தியம்.

இப்போதுதான் கொஞ்சம் வாய் முளைத்திருக்கும்
உன் நாத்தனார்,
செசிலி