சிவப்பு மட்டும்

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று சோதனைக்கு ஏழு பேர் வந்தார்கள். ஏழும் ஒரே அச்சு.

மேசைமேல் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு விளக்கு. கூடை நிறையப் பல நிறத்தில் பொத்தான்கள், பென்சில்கள், மூடிகள். முதலில் நான் ஒரு சிவப்புப் பொத்தானைத் தட்டில் வைப்பேன், விளக்கு எரியும். "எதை வைத்தால் எரியும் என்று கண்டுபிடியுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம்" என்பேன். உண்மையில் எதை வைத்தாலும் எரியும். ஒரே ஒரு பச்சைப் பொத்தானை வைத்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். வைக்க மாட்டார்கள். சிவப்புப் பென்சில், சிவப்பு மூடி, இன்னொரு சிவப்புப் பொத்தான் — விளக்கு எரிய எரிய முகத்தில் அப்படி ஒரு பெருமை. "சிவப்புதாங்க மேடம், நூத்துக்கு நூறு!" நூற்றுக்கு நூறாம்.

கடைசியாக வந்தவர் வக்கீல். கை தவறி ஒரு பச்சை மூடி தட்டில் விழுந்தது, விளக்கும் எரிந்தது. என்ன சொன்னார் தெரியுமா? "மேடம், உங்க மெஷின்ல ஏதோ கோளாறு." மூடியை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி சிவப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். இந்த ஆளை நம்பி யாரோ ஒருவன் கோர்ட்டில் நிற்கிறான்.

நாம் நினைப்பது தப்பாக இருக்குமோ என்று ஒரு தடவை சோதித்துப் பார்த்தால் தலையா போய்விடும்?

செப்டம்பர் 5, வியாழன்

அப்பாவின் அரிப்பு அடங்கிவிட்டது. போன மாதம் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைதான், காலையில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. இப்போதெல்லாம் சொறியாமல் தூங்குகிறார்.

ஆனால் வேறொன்று ஆரம்பித்திருக்கிறது. பல் துலக்கிவிட்டு வந்தவர், கால் மணி நேரத்தில் மறுபடி போய்த் துலக்கினார். போன வாரம் பார்த்த மேட்ச்சை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். என்னை அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அத்தையின் மறதி நோயும் இப்படித்தான் ஆரம்பித்தது. இது அதுதான். எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 9, திங்கள்

மறுபடியும் இரண்டு தடவை பல் துலக்கினார். சந்தேகமே இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

அண்ணனுக்குப் போன் செய்தேன். "வயசானா எல்லாருக்கும் இப்படித்தாம்மா" என்றான். அவனுக்கு எதுவுமே இப்படித்தான். நடுவில் அண்ணி போனைப் பிடுங்கி, "ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாமே?" என்றார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறவர் எனக்கு யோசனை சொல்கிறார். மனித மூளை எப்படித் தடுக்கி விழுகிறது என்று பார்ப்பதற்குத்தான் பதினெட்டு வருடமாக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பார்க்கலாம் அண்ணி என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சாயங்காலம் அப்பாவை உட்கார வைத்துக் கேட்டேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், யார் வந்தார்கள், காலையில் நான் என்ன சொல்லிவிட்டுப் போனேன். முக்கால்வாசி தப்பு. நடுவே, பழைய இறுதி ஆட்டம் ஒன்றில் தான் கொடுத்த பெனால்டியைப் பற்றி வரி பிசகாமல் சொன்னார். அதுவும் அறிகுறிதான். பழையது நிற்கும், புதியது நழுவும்.

அப்பா கால்பந்து நடுவராக இருந்தவர். மைதானமே எழுந்து நின்று கத்தினாலும் ஊதிய விசிலை மாற்ற மாட்டார். எனக்குக் கால்பந்தும் தெரியாது, அதில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. அந்தப் பிடிவாதம் மட்டும் தெரியும்.

"எனக்கு என்னம்மா ஆச்சு?" என்றார்.

மறைக்காமல் சொன்னேன். "இனிமே உங்களுக்குத் தோணறத அப்படியே நம்பாதீங்கப்பா. எதுவா இருந்தாலும் என்கிட்ட ஒரு தடவை கேட்டுக்குங்க."

வாதாடுவார் என்று நினைத்தேன். "நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

செப்டம்பர் 20, வெள்ளி

முதியோர் இல்லத்தில் இடம் பேசி முடித்தாயிற்று. ஜன்னல் வைத்த அறை. அக்டோபர் நடுவில் கொண்டுபோய் விடவேண்டும். அப்பா தன் பெட்டியைத் தானே துடைத்து வெயிலில் வைத்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

நாளை கருத்தரங்குக்குக் கிளம்புகிறேன். திரும்பி வரும்வரை அப்பா அண்ணன் வீட்டில். மாத்திரையை அண்ணியிடம் கொடுத்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையை ஆட்டினார். உள்ளே ஒன்றும் இறங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

விடுதி அறை. கருத்தரங்கில் எல்லாரும் தங்கள் கட்டுரையைத் தாங்களே பாராட்டிக்கொள்கிறார்கள்.

அண்ணி போன். "மாமா சூப்பரா இருக்காரு! காலனி மேட்ச்சுக்கு அவர்தான் ரெஃப்ரி. ரெண்டு தடியனுங்க சண்டைக்கு வந்தாங்க, மனுஷன் அசரலையே!"

இடம் மாறினால் கொஞ்ச நாள் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். இந்த நோயில் நல்ல நாளும் உண்டு. அதோடு, பார்த்துச் சொல்வது யார்? நம் அண்ணி.

அக்டோபர் 8, செவ்வாய்

அப்பாவைக் கூட்டிவந்தேன். பையைப் பிரித்தால் மாத்திரை அட்டைகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. போனில் அண்ணியைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"ஐயையோ, சுத்தமா மறந்துட்டேம்மா! அரிக்குதுன்னாரு, எண்ணெய் தடவிவிட்டேன், நின்னுடுச்சு. கோச்சுக்காத."

இத்தனை வயதில் ஒரு மாத்திரையை ஞாபகம் வைத்துக் கொடுக்கத் துப்பில்லை. இன்னும் திட்டியிருப்பேன். அதற்குள் அப்பா உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறதி எப்போது ஆரம்பித்தது? மாத்திரைக்கு முன்னாலயா, பின்னாலயா? பின்னாலதான். ஏன்டி, நிறுத்திப் பார்த்தியா நீ? ஒரு நாள்? ஒரே ஒரு நாள்?

அக்டோபர் 9, புதன்

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன், அண்ணியும் கூட வந்தார். டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இத யார் கொடுக்கச் சொன்னா? வயசானவங்களுக்கு இது தலையைக் குழப்பிடும். நிறுத்தியாச்சா?"

"நான்தான் டாக்டர்! மறந்துட்டேன்" என்றார் அண்ணி, பரிசு வாங்க மேடை ஏறியவர்போல.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். மறந்ததற்குப் பாராட்டு வாங்கிய ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன். வேறு சோதனைகளும் செய்தார், எல்லாம் சரியாக இருக்கிறது. யார் கொடுத்தது என்ற கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பும்போது அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இல்லத்துக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

இன்று வந்தவர்களில் ஒருவர், "உங்க மெஷின்ல ஏதோ கோளாறுங்க" என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி நாளாகிறது. உங்களுக்கு ஒன்றுமில்லை, மாத்திரைதான் காரணம், கொடுத்தது நான்தான் என்று உடைத்துச் சொன்னேன். "சரிம்மா" என்றார். மாத்திரை வேண்டாம் என்றதற்கும் சரி, பெட்டியைப் பரணில் ஏற்றியதற்கும் சரி. ஒரு வசவு விழாதா என்று பார்த்தேன்.

பல் ஒரு தடவைதான் துலக்குகிறார். ஆனால் துலக்கிவிட்டு வந்து, "துலக்கிட்டேன்ல?" என்று கேட்கிறார். கிழமை கேட்கிறார். கேட்பதற்கு முன்பே அவருக்குப் பதில் தெரியும், அது முகத்தில் தெரிகிறது. மருந்தை நிறுத்தியாயிற்று, நான் சொன்னதை எப்படி நிறுத்துவது?

சாயங்காலம் டிவியில் மேட்ச். ஒருவன் கோல் போட்டான். கூட்டம் குதித்தது. அப்பாவின் கை, மைதானத்தில் விசிலோடு நிற்பவர்போல, தானாக மேலே போனது, பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"ஆஃப்சைடுதானேம்மா?"

எனக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.