இரண்டு வசனம் மேலே

பாப்பா அப்பாவுக்கு,

தினை அறுத்தாகிவிட்டது. நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று நீங்கள் கோபித்துக்கொண்டு கரியாலூரில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அது முழங்கால் உயரம்தான். முதல் கதிரை உங்கள் சாமிக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன். நான் படைக்க மாட்டேன். கோழி கொத்தாமல் உயரத்தில் கட்டியிருக்கிறேன்.

"நம்பாதவன் பிரிஞ்சா பிரிஞ்சி போவட்டும்னு பைபிள்லயே இருக்குதும்மா. அவர வுட்டுடு" என்றார் பாஸ்டர்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதற்கு இரண்டு வசனம் மேலே, கூட வாழப் புருஷனுக்குச் சம்மதம் இருந்தால் மனைவி அவனைத் தள்ளிவிடக் கூடாது என்று இருக்கிறது. பாஸ்டர் அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை.

இந்த வாரமும் ஜெபத்துக்குப் போவேன். அதில் மாற்றமில்லை.

உங்களுக்குச் சம்மதமா?

இப்படிக்கு,
இங்கேயே இருப்பவள்