பக்கத்து நாற்காலிக்காரருக்கு

அன்புள்ள ஓட்டுநர் அண்ணனுக்கு,

சலூன்காரன் எழுதுகிறேன். மகள் வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள். புற்றுநோய் மருந்து ஏற்றும் அறையில் என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் இத்தனை மாதம் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். விரல் மரத்துப்போவது சரியாகி, மறுபடி நீங்கள் பஸ் ஓட்டும் நாள் சீக்கிரம் வரட்டும்.

உங்களுக்கு மருந்து முடிந்துவிட்டது, அவளுக்கு இன்னும் இரண்டு தடவை பாக்கி. காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வாய்ப்புண்தான் வாட்டுகிறது, உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கிறாள். எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல இருக்கிறதாம். என்னிடம் அதைச் சொல்லவில்லை, பிளாஸ்டிக் கரண்டி மட்டும் கேட்டாள். அது உங்கள் யோசனை என்று பிறகுதான் தெரிந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்கு உங்கள் மேல் பொறாமை. அவள் உங்களை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். அப்படியும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. என் பிழைப்பே தலைமுடி. முடி கொட்டுவதை உங்களிடம் சொல்லி அழுதுவிட்டு, என் கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "மொத்தமா வழிச்சிடுங்க, காத்தோட்டமா இருக்கும்" என்று சிரித்தாள். அழுகை உங்களுக்கு, சிரிப்பு எனக்கு. இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்தது?

ஒருநாள் டீ வாங்கி வந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் மலச்சிக்கலைப் பற்றிப் பேச்சு. "டிப்போவ விட்டு வண்டி கிளம்பவே மாட்டேங்குதும்மா" என்றீர்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உள்ளே வந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டீர்கள்.

பிறகு அந்தக் காய்ச்சல். நான் சவரக்கத்தியோடு நிற்கும்போது உங்கள் போன் வந்தது. "தம்பி, உடனே வீட்டுக்குப் போங்க. அவங்களுக்குக் காய்ச்சல். இந்த வைத்தியத்துல காய்ச்சல் வந்தா ஒரு நிமிஷம் வச்சிருக்கக் கூடாது." வாடிக்கையாளரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு ஓடினேன். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியே இல்லை, சாயங்காலம் வரை விட்டிருந்தால் கைமீறியிருக்கும் என்றார் டாக்டர். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நானோ ஆஸ்பத்திரி வாசலிலிருந்து உங்களை அழைத்து, "என் பொண்டாட்டிய எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்றேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டீர்கள். அதன்பின் நீங்கள் அவளையும் அழைக்கவே இல்லை.

காய்ச்சலை ஏன் மறைத்தாய் என்று அவளைக் கேட்டேன். "சொன்னா உங்க முகம் செத்துப்போயிடுது. அப்புறம் உங்களையும் நான்தான் தேத்தணும். அண்ணன்கிட்ட சொன்னா 'எனக்கும்தாம்மா'ம்பாரு. அவ்வளவுதான்" என்றாள்.

'எனக்கும்தாம்மா' என்று நான் எப்படிச் சொல்வேன், அண்ணே?

இப்போது போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று சூப்பைத் தொடவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

பொறாமை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். இருந்தாலும் அவளை அழையுங்கள். காலையில் நான் கடைக்குப் போன பிறகு அழையுங்கள். நான் பக்கத்தில் இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். ஆசை தீரப் பேசட்டும், அழட்டும். முடிந்ததும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கிறதா, தொண்டையில் எது இறங்குகிறது, அது போதும். மற்றதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அவள் கணவன்