ஒரு வரி மட்டும் காட்டும் அட்டை

இன்று காலை ஞானஸ்நானப் புத்தகத்தைப் பிரித்தபோது உன் அட்டை என் மடியில் விழுந்தது. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, நடுவில் ஒரு வரி அளவுக்கு நீளமாகத் துளை போட்டு வைத்திருந்தாயே, அதுதான். ஓரத்தில் உன் கட்டைவிரல் அழுக்கு இன்னும் இருக்கிறது.

நம் கோயிலின் பங்கு அலுவலகத்தில் நம் இருவருக்கும் எதிரெதிர் மேசை. புத்தகம் உன் பொறுப்பு, கம்ப்யூட்டர் என் பொறுப்பு. பதிவைப் பார்க்க யார் வந்தாலும் பக்கத்தின் மேல் அட்டையை வைத்து அவர்கள் வரியை மட்டும்தான் காட்டுவாய். காரில் வந்திறங்கிய பெரிய மனிதர் ஒருவர் அட்டையை நகர்த்தப் பார்த்தார். "உங்க வூடு இது சார். பக்கத்து வூட்ட எட்டிப் பாக்காதீங்க" என்றாய். அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் எரிச்சல். இவளுக்கு இது ஒரு பந்தா என்று நினைத்தேன்.

பிறகு புத்தகங்களையெல்லாம் ஸ்கேன் செய்தோம். பக்கத்துக்கு ஒரு ஃபைல், வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், இன்னொரு காப்பி பீரோவில் ஹார்ட் டிஸ்க்கில். பாஸ்வேர்டு நம் இருவருக்கு மட்டும். மறந்துவிடுமே என்று நான் அதைக் காலண்டரில் எழுதி வைக்க, நீ தாளோடு கிழித்தாய். "பூட்டிட்டு சாவிய அதுலயே தொங்க வுடுவியா?" என்று திட்டினாய். "சரி, இதுல அட்டைய எங்கடி வைக்கிறது?" என்றும் கேட்டாய். அனுப்பும்போது அந்த வரியை மட்டும் வெட்டி அனுப்பலாம் என்று சொன்னவள் நான்தான்.

ஒருநாள் நான் வெட்டவில்லை. துபாயில் வேலை பார்க்கும் நம் பங்குக்காரர் ஒருவர் தன் பதிவைக் கேட்டார். சாப்பாட்டு நேர அவசரத்தில் முழுப் பக்கத்தையும் வாட்ஸப்பில் தள்ளிவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. சிறுவயதில் தன்னோடு சேர்ந்து முதல்முறை நற்கருணை, புதுநன்மை, வாங்கியவர்களின் குரூப்பில், நாமெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறோம் பாருங்கள் என்று ஆசையாகப் போட்டிருக்கிறார். அதில் ஒரு பெண் தன் வரியைப் படித்தாள். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. தன்னை வளர்த்தவரையே பெற்றவர் என்று நம்பியிருந்தவள் அவள்.

ராயப்பேட்டையில் டீச்சராக இருக்கும் அவள் அம்மா மறுநாள் வந்து நம் மேசைகளுக்கு நடுவே நின்றார். குரலை உயர்த்தவில்லை. "எம்பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. ஃபோன எடுக்க மாட்டேங்குறா. இத நான்ல அவகிட்ட சொல்லியிருக்கணும்? யாரு அனுப்புனது?" ஃபாதரும் வந்து நின்றார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து, "நாந்தான் மிஸ்" என்றாய்.

அட்டை வைத்துக் காட்டிய நீயே அனுப்பியதாக அவர்கள் அப்படியே நம்பினார்கள். புத்தகத்தை உன்னிடமிருந்து எடுத்துவிட்டு, பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று கருத்து எழுதி வாங்கும் மேசைக்கு உன்னை மாற்றினார்கள். படிக்கட்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நீ டெம்பரரி. ஒன்ன அன்னிக்கே அனுப்பியிருப்பாங்க. வூட்ல படுத்துகினு கீற ஒம்புருசனுக்கு யாரு கஞ்சி ஊத்துறது? எனக்கு ரிட்டயராவ இன்னும் ரெண்டு வருசந்தான். வுடு" என்றாய். நானும் விட்டுவிட்டேன். அனுப்பியதையாவது அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன்பிறகு நீ சாகும்வரை வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதை என்னவென்று சொல்ல? வெட்கமாக இருக்கிறது. இன்று ஒவ்வொரு பதிவையும் வெட்டி, இரண்டு முறை பார்த்துத்தான் அனுப்புகிறேன். அதனால் உனக்கு என்ன ஆகப்போகிறது?

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் டீச்சர் வந்தார். மகளுக்குக் கல்யாணம், சான்றிதழ் வேண்டும். மகள் இப்போது பேசுகிறாளாம். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அவங்க அடக்கத்துக்கு நான் வேணும்னேதான் வரல" என்றார். "பூசையில ஒருத்தருக்கொருத்தர் கும்புட்டு சமாதானம் சொல்றப்ப எம்பக்கம் திரும்பிக் கும்புடுவாங்க. ஒரு தடவகூட நான் திரும்பிப் பாத்ததில்ல."

"அனுப்புனது நான் மிஸ். அவங்க இல்ல" என்றேன்.

பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அவங்கள எங்க அடக்கம் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார். இடத்தைச் சொன்னேன். ஃபாதரிடமும் அன்றே போய்ச் சொன்னேன். அவர் இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை.

போன ஞாயிறு, சமாதானம் சொல்லும் நேரத்தில் டீச்சர் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அது உனக்கு வந்திருக்க வேண்டியது. நான் வாங்கிக்கொண்டேன். உன்னிடம் கொண்டுவந்து கொடுக்கத்தான் எனக்கு வழியில்லை.