ஒன்பதாவது நிரல்

2024 மே 11, சனி

கணினி ஆசிரியர் நபீல் தோஹாவுக்குப் போய் மூன்று வாரங்கள் ஆகின்றன. அவருடைய சனிக்கிழமை ஜாவா கணினிமொழி வகுப்பை இனி யார் நடத்துவது என்ற கேள்வி, ஆசிரியர் அறையில் ஒவ்வொரு கதிரையாகச் சுற்றி இறுதியில் என் மடியில் வந்து விழுந்தது. பாடசாலை அதிபர் இப்திகார் சொன்ன காரணம் இதுதான்: "டீச்சர், நீங்க ஓதின ஆள். புள்ளைகள் ஒங்களுக்குப் பயம். அது போதும்."

முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தமிழும் இஸ்லாமும் கற்பித்தவள். ஓய்வு பெற இன்னும் ஓராண்டே உள்ளவள். எனக்கு இது என்ன சோதனை?

பன்னிரண்டாம் தர மாணவியர் இருபத்திரண்டு பேர். கணினிகள் பதினொன்று; இயங்குபவை ஆறு. நபீல் விட்டுச் சென்றது பதினான்கு நிரல்கள் அச்சிட்ட ஒரு தாள்கட்டு. செப்டம்பரில் கொழும்பு அறக்கட்டளை ஒன்று எழுத்துச் சோதனை நடத்தும். தேறுவோர் அங்கேயே தங்கி ஈராண்டு டிப்ளோமா படிக்கலாம்.

மே 12, ஞாயிறு

விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பின் அந்தத் தாள்களை விரித்தேன். அஞ்சியபடி இல்லை. ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் நிரல் முழுவதுமே நின்றுவிடுகிறது. தளை தட்டிய வெண்பா நிற்பதைப் போல. திறந்த அடைப்புக்குறி மூடப்படாவிட்டால் கணினி ஏற்பதில்லை. எழுத்தைக் காப்பவருக்கே பொருள் திறக்கும் என்பதை இந்த மொழியும் அறிந்திருக்கிறது.

வாப்பா எனக்கு வேதம் ஓதிக்கொடுத்த முறை நினைவுக்கு வந்தது. நாளொன்றுக்கு ஒரு பக்கம். ஒரு குறி பிசகினாலும் மீண்டும் முதல் வரியிலிருந்து. அந்த முறை என்னை ஒருபோதும் கைவிட்டதில்லை.

பதினான்கையும் பிள்ளைகள் மனனம் செய்து பாடமாக்கட்டும். ஆறு கணினிகளுக்கு இருபத்திரண்டு பேர் காத்திருப்பதைவிட அது மேல்.

ஜூன் 8, சனி

வகுப்பு முன்னேறும் வேகம் எனக்கே வியப்பளிக்கிறது. பிள்ளைகள் நிரல்களை இராகம் போட்டு ஒப்புவிக்கிறார்கள். மடவளை பஸ்ஸில் ஜஹானாவும் ஆஸிகாவும் உரக்கச் சொல்லிக்கொண்டு வர, கொண்டக்டர், "இது எந்த மத்ரஸாட பாடம் மகள்?" என்று கேட்டாராம். ஆஸிகா, "கொம்பியூட்டர் மத்ரஸா நானா" என்றாளாம். அவள் வாய்க்கு மட்டும் குறைவில்லை; பாடம்தான் நான்காவது நிரலைத் தாண்டவில்லை.

ஆயினும் இன்று ஒன்று நடந்தது.

ஒன்பதாவது நிரல் ஐந்து மாணவரின் புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மிகப் பெரியதைக் காட்டும். கடைசி வாங்குப் பலகையில் இருந்த சஞ்சீவனியின் திரையில் மிகச் சிறியது தெரிந்தது. ஒப்பிடும் குறியை அவள் மறுபக்கமாகத் திருப்பியிருந்தாள்.

"இதை மாற்றியது யார்?"

"நான்தான் டீச்சர். சும்மா. என்னா ஆகுதுன்னு பாக்கத்தான்."

அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. கற்றவர் எழுதித் தந்ததில் கை வைக்க நீ யார் என்றேன். ஒன்பதாவது நிரலை நாற்பது முறை எழுதி வரச் சொன்னேன். வகுப்பு முழுவதற்கும் ஒரு விதி அறிவித்தேன்: இனி ஒரு குறி மாறினாலும் பூச்சியம்.

ஜூன் 15, சனி

நாற்பது முறையும் எழுதி வந்தாள். அழகான கையெழுத்து. சிரிக்கவில்லை.

ஜூலை 13, சனி

சஞ்சீவனியின் தாய் மஹய்யாவையிலிருந்து வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இந்தச் சோதனையில எடுபட்டா புள்ள படிக்கட்டும் டீச்சர். இல்லாட்டி கட்டுகஸ்தோட்டையில ஒரு துணிக்கடையில சொல்லி வச்சிருக்கு. தீபாவளி யாவாரத்துக்கு ஆள் கேக்குறாங்க. அவங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்ததுல இருந்து முனிசிபல் வேலைக்குப் போக ஏலாது."

"அவள் எடுபடுவாள்," என்றேன். இன்ஷா அல்லாஹ் என்று சேர்த்துக்கொண்டேனா? இப்போது நினைவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நபீல் தோஹாவிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். "டீச்சர், பாடமாக்க வைக்க வேணாம். புள்ளைகள் பிழை விடட்டும். மாத்தி மாத்திப் பார்த்தாத்தான் இது வரும்." பண்போடு பதில் எழுதினேன். உடன்படவில்லை. அவருக்கு வயது இருபத்தொன்பது.

ஆகஸ்ட் 17, சனி

பெரஹரா ஊர்வலத்துக்காக நகரத்து வீதிகளை மூடிவிட்டார்கள். வகுப்பு இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

சஞ்சீவனி பதினான்கையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். ஓர் அடைப்பும் விடுபடவில்லை. கண்களைப் பாதி மூடி, உடல் மெல்ல அசைய — என் வாப்பாவின் முன் நான் அமர்ந்திருந்ததைப் போலவே. என் முறை இந்தப் பிள்ளையிடம் நிறைவடைந்தது என்று எண்ணினேன். பெருமை கொண்டேன். எழுதி வைக்கிறேன்: பெருமை கொண்டேன்.

செப்டம்பர் 28, சனி

சோதனை முடிந்தது. வினாத்தாளை மண்டபத்துக்கு வெளியே வைத்துத்தான் பார்க்கக் கிடைத்தது. மூன்றாம் வினாவுக்கே நூற்றில் அறுபது புள்ளி. ஐந்து நகரங்களின் வெப்பநிலைகளுள் மிகக் குறைந்ததைக் காட்டும் நிரலை எழுதுக.

மிகக் குறைந்ததை.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "டீச்சர், ஒன்பதாவதுதான் வந்திச்சு! அப்படியே எழுதினோம்!" ஜஹானா என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

ஆஸிகா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள். சஞ்சீவனி செருப்பைப் பார்த்தபடி இருந்தாள். நான் எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை என்பதே உண்மை.

ஒக்டோபர் 19, சனி

தேறியவர் ஒருவர். ஆஸிகா.

"எனக்கு ஒன்பதாவது பாடமில்ல டீச்சர்," என்று அழுதும் சிரித்தும் சொன்னாள். "ஒரு வரியும் ஞாபகம் வரல்ல. அதால யோசிச்சேன்."

அறக்கட்டளையின் கடிதத்தில் இன்னொரு பத்தியும் இருந்தது. ஏனைய இருபத்தொரு விடைத்தாள்களிலும் மூன்றாம் வினாவுக்கான விடை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதால், மாணவியர் பார்த்து எழுதினரோ என்ற ஐயம் உண்டாம். அதிபர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு மேசைமீது வைத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அவரிடம் நான் சொல்லாதது இது: பார்த்து எழுதவில்லை, சேர். பாராமல் எழுதினார்கள். அதுதான் குற்றம். அதுவும் அவர்களுடையதன்று.

ஒக்டோபர் 21, திங்கள்

விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்கச் சஞ்சீவனி வந்திருந்தாள். தீபாவளிக்குப் பத்து நாள் இருப்பதால் கடையில் நாளையே வரச் சொல்லிவிட்டார்களாம். நூலக வாசலில் அவளை நிறுத்தினேன்.

"மகள், அந்த வினா... உனக்கு விளங்கவில்லையா?"

கையிலிருந்த கடிதத்தை மடித்தாள். பிறகு மெதுவாக, என்னைத் தேற்றுபவள் போலச் சொன்னாள்:

"வெளங்கிச்சு டீச்சர். குறியைத் திருப்பினா வரும்னு தெரியும். நான்தான் முந்தியே பாத்திருக்கேனே. திருப்பித்தான் எழுதினேன். அப்புறம் மாத்துனா பூச்சியம்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்திச்சு. அழிச்சிட்டு, பாடத்துல உள்ள மாதிரியே எழுதிட்டேன்."

அழிச்சிட்டு.

யா ரப்பே, நான் என்ன செஞ்சேன்? அந்தப் புள்ளைக்கு அது வந்திச்சு. யாரும் சொல்லிக் குடுக்காம, தானா வந்திச்சு. நான் புடிச்சு நிறுத்தினேன். நாப்பது தரம் எழுத வச்சு நிறுத்தினேன்.

மாற்றலாகாத ஒன்றை மாற்றாமல் காப்பது என் மார்க்கம். ஆனால் தோஹாவுக்குப் பயணப்பட்ட ஓர் இளைஞர் அவசரமாக அச்சிட்ட தாளுக்கு அந்தக் கண்ணியத்தை வழங்கச் சொன்னது யார்? வாப்பா சொல்லவில்லை. வேதமும் சொல்லவில்லை. என் அறியாமைக்கு நானே புனிதப் பச்சைத் துணி போர்த்தினேன்.

ஒக்டோபர் 24, வியாழன்

அறக்கட்டளைக்கு நான்கு பக்கம் எழுதினேன். பிழை கற்பித்தவளுடையது, மாணவியருடையதன்று. சஞ்சீவனியின் தாளில் அழித்த தடம் இருக்கும், ஒளியில் பிடித்துப் பாருங்கள் என்று.

ஒக்டோபர் 30, புதன்

பதில் இரண்டு வரி. முடிவை மாற்ற இயலாது. அடுத்த ஆண்டுச் சோதனைக்கு எவரும் புதிதாக விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். கடை வாசலில் தீபாவளித் தோரணம் இன்னும் கழற்றப்படவில்லை. சஞ்சீவனி கழுத்தில் அளவு நாடாவோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி தலைநிமிர்ந்து பார்த்ததால் நான் ஒரு துப்பட்டாத் துணி கேட்டேன். அளந்துகொண்டே பேசினாள்.

அடுத்த ஆண்டுச் சோதனையைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை வரமுடியுமா?

"எப்பிடி டீச்சர்? சனி ஞாயித்துக்கிழமைதான் சனம் கூடுது. எட்டு மணியாகும் பூட்ட." துணியைக் கிழித்தாள். "வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ தொழுகைக்கு பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் பூட்டுவாங்க. நான் உள்ளுக்கே கதவ சாத்திக்கிட்டு உக்காந்திருப்பேன்."

குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

வகுப்பை வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு மாற்ற அனுமதி கேட்டேன்.

"ஜும்ஆ நேரத்திலயா டீச்சர்? நீங்களா கேக்குற?" என்றார் அதிபர்.

"ஜும்ஆ பெண்களுக்குக் கடமையில்லை, சேர். ளுஹரை நான் இரண்டு மணிக்குப் பின் தொழுதுகொள்வேன்."

சாவியைத் தந்தார். கடைக்கும் ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 8, வெள்ளி

ஐந்து பேர் வந்தார்கள். சஞ்சீவனி வரவில்லை.

ஒன்பதாவது நிரலைத் திரையில் இட்டு, "எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். பிழை வந்தால் வரட்டும்," என்றேன். ஒருத்தியும் விரலை எடுக்கவில்லை. ஜஹானா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இது சோதனையா டீச்சர்?"

இல்லை என்றேன். நம்பவில்லை. நானே போய் ஓர் எண்ணை மாற்றினேன். திரையில் சிவப்பு எழுத்துகள் நிறைந்தன. ஏன் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். இன்னும் ஒருவரும் தொடவில்லை.

நபீலுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மன்னிப்பும், அந்தச் சிவப்பு எழுத்துகளின் படமும்.

நவம்பர் 15, வெள்ளி

போயா விடுமுறை. மழை.

நவம்பர் 22, வெள்ளி

பன்னிரண்டே முக்காலுக்குக் கதவருகே நிழலாடியது. சஞ்சீவனி. கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றவும் மறந்து வந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் பாடசாலைத் தவணை முடிந்த அவசரத்தில் நேரத்தோடு போய்விட்டிருந்தார்கள்.

கடைசி வாங்கில், அவளுடைய பழைய இடத்தில் அமர்ந்தாள். ஒன்பதாவது நிரல் திரையில் இருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்படியே எழுதணுமா டீச்சர்?"

எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். "நான் உனக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன், மகள்," என்று மட்டும் சொன்னேன்.

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க டீச்சர்," என்றாள். அவளுக்குத்தான் கூச்சமாகிவிட்டது. எழுந்து ஜன்னலருகே சென்று அவளுக்கு முதுகு காட்டி நின்றேன். பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது; ஒலிபெருக்கி கேட்டது. விசைப்பலகையின் ஓசை கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்கு, கடைக்குப் போக வேண்டுமென்று எழுந்தாள். அடுத்த வெள்ளி வருவாயா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு திரையைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் மாறியிருப்பதாகத் தெரியவில்லை. வரி வரியாக ஒப்பிட்டேன். ஏழாம் வரியில் அந்தக் குறி மறுபக்கம் திரும்பியிருந்தது. ஓட்டிப் பார்க்கும் பொத்தானை மட்டும் அவள் அழுத்தவில்லை.

நானும் அழுத்தவில்லை. கணினியை அணைக்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு, தொழப் போனேன்.