அம்மா, ஷூ கடிக்குது

ஜனவரி 8

இன்றும் ஈ ஓட்டியதுதான் வேலை. குழந்தைகள் ஷூ மட்டும் விற்கும் கடை என்று பலகை மாட்டிவிட்டு, அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மதியம் ஒரே ஒருவர் வந்தார். பெரியவங்க செருப்பு இருக்கா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி எஸ்எம்எஸ் விளம்பரத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். காலையில் முதல் செய்தி போனது. "சிறப்புத் தள்ளுபடி! முந்துங்கள்!" முந்தி வந்தவர் பக்கத்து போன் ரிப்பேர் கடைக்காரர். சோதனைக்கு அவர் எண்ணையும் சேர்த்திருந்தேன். "வந்துச்சும்மா. இப்ப நான் யார் கால்ல மாட்டுறது?" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. இப்படியே போனால் கோடையில் கடையைக் கைமாற்றிவிடலாம் என்றாள்.

ஜனவரி 15

எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று!

ஷூ வாங்க வரும் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் அக்காதான் அளப்பாள். பேர், அளவு, முகவரி, வீட்டில் யாராவது ஒருவரின் எண் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். பிள்ளைக் கால் வளராமல் இருக்குமா? சில மாதத்தில் ஷூ கடிக்கும். அதைக் கடைக்காரி சொன்னால் விளம்பரம். பிள்ளையே சொன்னால்?

எழுதிவிட்டேன். "அம்மா, ஷூ கடிக்குது. கட்டைவிரல் முட்டுது. எப்போ கூட்டிட்டுப் போவே?" கீழே அந்தந்தப் பிள்ளையின் பேர், அதற்கும் கீழே கடைப் பேர். பேரை மெஷினே பார்த்துப் போட்டுக்கொள்ளும்.

அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். "தவழுற பிள்ளை போன்ல டைப் அடிக்குதா? உனக்கு வாய்தான் நீளம்னு நினைச்சேன், விரலும் நீளம்டி." ஆனாலும் அனுப்பச் சொன்னாள்.

ஜனவரி 20

கூட்டம். கூட்டமோ கூட்டம்! கால் அளக்கும் குட்டி பெஞ்சில் உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் அம்மா மடியில் காத்திருந்தன. அக்காவின் முகத்தில் அப்படியொரு களையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

பதில்கள்தான் இன்னும் வேடிக்கை. ஒரு அப்பா, "அம்மாவைக் கேளு, நான் மீட்டிங்ல இருக்கேன்" என்று எழுதியிருக்கிறார். ஒரு தாத்தா, "முதல்ல வீட்டுப்பாடத்தை முடி." நானும் சளைக்கவில்லை. பிள்ளைக் குரலிலேயே எல்லாருக்கும் பதில் போட்டேன். இந்த வேலைக்கென்றே பிறந்திருக்கிறேன் போல.

ஜனவரி 27

ஒரு அம்மா என்னோடு நன்றாக விளையாடுகிறார். ஷூ அம்மா என்று நானே பேர் வைத்துவிட்டேன். எங்கே முட்டுது கண்ணா, என்று கேட்டார். கட்டைவிரல்லம்மா என்றேன். வலிக்குதா? கொஞ்சம் வலிக்குது, நீ வந்தா வலி போயிடும்மா என்று எழுதினேன். வரேன்டா, கொஞ்சம் பொறு என்றார்.

அக்காவிடம் காட்டினேன். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆளைக் காணோமே?" வருவார், வருவார்.

பிப்ரவரி 3

ஷூ அம்மா இன்று "சாப்பிட்டியா?" என்று கேட்டார், "ஓ, வயிறு நிறையச் சாப்பிட்டேன்மா" என்று போட்டேன் – இவருக்கு வீட்டில் வேலையே கிடையாதா?

பிப்ரவரி 10

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் ஒருவர் வந்தார். பஸ் டிரைவர், சீருடையோடு. பெஞ்சைப் பார்த்தபடியே நின்றார். "இந்த மெசேஜெல்லாம் யாரும்மா எழுதுறது?" பல்லைக் காட்டிக்கொண்டு நான்தான் சார் என்றேன். அவர் மனைவிதான் ஷூ அம்மா. பையன் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டானாம்.

திட்டுவார், போனைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நிறுத்திடாதீங்கம்மா. இவ்வளவு நாளும் சுவத்தையே பார்த்துட்டு இருந்தவ, இப்பதான் போனைப் பார்த்துச் சிரிக்கிறா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." என்ன எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. மனைவி காட்டவில்லையாம், பையன் பேரும் கடைப் பேரும் மட்டும் கண்ணில் பட்டிருக்கின்றன. தன் எண்ணைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

போனை எடுத்து முதலிலிருந்து படித்தேன். நீ வந்தா வலி போயிடும்மா. வரேன்டா, கொஞ்சம் பொறு.

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்! கடைக்கு வாங்கன்னுதானே கூப்பிட்டேன். தன்னை யார் கூப்பிட்டதா அந்த அம்மா நினைச்சாங்க? எங்க வரச் சொன்னதா நினைச்சாங்க?

டிரைவருக்கு அடித்தால் போன் அணைந்திருந்தது. அக்கா திரையில் முகவரியைத் தேடி எடுத்துவிட்டு, "ஆட்டோவுல போ, நின்னு யோசிக்காதே" என்றாள். இரண்டாவது மாடி. படியேறும்போது எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்றே நினைவில்லை.

கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தார்! வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து தந்தது அவர்தான்.

"கடைக்காரப் பொண்ணுதானே நீ?"

"தெரியுமா உங்களுக்கு?"

"கடைப் பேரை அடியிலயே போட்டுட்டுத் தெரியுமான்னு கேக்குறியே. முதல் நாள் அவன் பேரைப் பார்த்தேன். அதுக்குக் கீழ பார்க்கவே மாட்டேன்னுட்டேன்."

பயந்து பயந்து கேட்டேன். "வரேன்னு எழுதினீங்களே?"

மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். "வரணும்னுதான் இருந்தேன். ஒரு வாரம் அதே நினைப்பு. அப்புறம் சாப்பிட்டியான்னு கேட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்னு சொன்னே பாரு! என் பிள்ளை ஒருநாள், ஒரே ஒருநாள் அப்படிச் சொல்லியிருக்கானா? ஒரு வாய் ஊட்ட நான் வீடு முழுக்க ஓடணும். படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. பிள்ளைக்கு ஊட்டியே பழக்கமில்லாத யாரோ ஒருத்தி உட்கார்ந்து இதை எழுதுறான்னு... இது அவன் இல்லைன்னு அப்பதான் புரிஞ்சுது." சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, என் தோளில் சாய்ந்து அழுதார். நானும்தான்.

டிரைவர் வரும்வரை கூடவே இருந்தேன். அந்த அம்மா "சொல்லு" என்று தலையாட்டிய பிறகு, அவர் முன்னாலேயே டிரைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மட்டும் மனைவியைக் கேட்டார். நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போகிறார். மனைவியின் தங்கையையும் வந்து தங்கச் சொல்லியிருக்கிறார்.

கிளம்பும்போது, எண்ணை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா யோசித்தார். "அவன் பேரை எடுத்துடு. நம்பர் இருக்கட்டும்."

பிப்ரவரி 11

பேரை எடுக்கும்போது அக்கா பக்கத்தில் நின்றாள். "நான்தான் அளந்தேன். கூச்சத்துல காலை இழுத்துக்கிட்டே இருந்தான்" என்றாள்.

பிள்ளைக் குரல் இனி வேண்டாம் என்றேன். கூட்டம் குறைஞ்சா என்ன பண்றது என்று கேட்பாள் என்று பயந்தேன். அவளோ, "குறைஞ்சா குறையட்டும்டி" என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டாள்.

புதுச் செய்தி, அந்த எண்ணுக்கு மட்டும் போகாது: "உங்கள் பிள்ளைக்குக் கால் அளந்து ஆறு மாதம் ஆகிறது. வந்தால் சும்மாவே அளந்து சொல்வோம். இந்தச் செய்தி வேண்டாமென்றால், வேண்டாம் என்று அனுப்புங்கள். காரணம் கேட்க மாட்டோம். ஷூ கடை அக்கா, தங்கை."

பிப்ரவரி 19

இரண்டு பேர் வேண்டாம் என்று அனுப்பினார்கள். உடனே எடுத்துவிட்டேன். என்ன காரணமோ. இந்த வேலையில் இப்படிப் பயப்பட வேண்டியிருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

கூட்டம் பாதிதான். ஆனால் ஈ ஓட்டவில்லை. கைமாற்றும் பேச்சை அக்கா எடுக்கவே இல்லை.

பிப்ரவரி 25

அந்த எண்ணிலிருந்து: "நீ சாப்பிட்டியா?" என்னைத்தான் கேட்கிறார். இன்னும் இல்லைக்கா என்று உண்மையைப் போட்டேன். நன்றாகத் திட்டு வாங்கினேன்.

மார்ச் 4

"நாளைக்குக் கடைக்கு வரேன்."

வரேன் என்ற அந்த வார்த்தையைப் பார்த்ததும், கடைக்கு என்றுதான் இருக்கிறதா என்று இன்னொரு முறை படித்தேன்.

மார்ச் 5

காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைக்காரர்கூட, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்களா?" என்று கிண்டல் செய்தார்.

அந்த அம்மா தன் தங்கையோடு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், தலை படிய வாரியிருந்தார். அக்கா ஒன்றும் கேட்காமல் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள். ஷூ எதையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குட்டி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாண்டு அழுது கடையை இரண்டாக்கிக்கொண்டிருந்தது. ஷூவை மாட்டவும் விடவில்லை, மாட்டியதைக் கழற்றவும் விடவில்லை. அதன் அம்மா அலுத்துப்போய், சரியாத்தான் இருக்கு, இதையே பில் போடுங்க என்றார். நானும் பில் போடப் போனேன்.

ஷூ அம்மா பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். வாண்டுவின் ஷூ நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இங்க முட்டுதா கண்ணா?"

அழுகை நின்றது. வாண்டு அவரையே பார்த்தது. "முட்டுது" என்றது.

அவர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த சைஸ் எடும்மா."